கொடிமரத்திலிருந்து மூன்று கிலோமீட்டர்

ஒழுக்கம் என்பது எவ்வளவு தூரம் என்று கேட்டால் நீங்களும் நானும் திருதிருவென்று முழிப்போம். கோவில்பட்டிக்குக் கிழக்கே கரிசல் காட்டு நடுவில் இருக்கும் 'கரிசல் சிங்கம் மிலிட்டரி அகாடமி'யில் கேட்டுப் பாருங்கள், யோசிக்காமல் சொல்வார்கள்: மூன்று கிலோமீட்டர்.

அகாடமியின் விதி எண் ஏழு அப்படித்தான் இருக்கிறது. "பயிற்சி மாணவர் எவரும், பதினைந்து நாள் முன்னதாக மனுச் செய்து, பெற்றோர் நேரில் வந்து கையொப்பமிட்ட அவுட்பாஸ் இன்றி, கொடிமரத்திலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் கால் பதித்தல் கூடாது. மீறுவோரின் பெயர் நீக்கப்படும்."

அந்தக் கட்டடம் முன்னே தீப்பெட்டி ஆபீஸாக இருந்தது. பிறகு கம்ப்யூட்டர் சென்டர் ஆனது. ஊரெல்லாம் இங்கிலீஷ் பேசக் கிளம்பிய வருஷம் அதுவும் இங்கிலீஷ் பேசியது. இப்போது ஊருக்கு ரெண்டு மிலிட்டரி அகாடமி என்று ஆகிப்போனதால் விறைப்பாக நின்று சல்யூட் அடிக்கிறது. எதிரி கண்ணில் படக் கூடாது என்று தண்ணீர்த் தொட்டியிலிருந்து கக்கூஸ் வரை பச்சைத் திட்டுத் திட்டாகப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். சுற்றிலும் கறுப்பு மண், பச்சை என்று ஒரு புல் கிடையாது. பத்து மைலுக்கு அப்பாலிருந்தே பளிச்சென்று தெரியும்.

கமாண்டன்ட் சங்கரபாண்டியன் ராணுவத்தில் பதினேழு வருஷம் ரேஷன் ஸ்டோரில் இருந்தவர். அரிசி பருப்பு அளந்து பழகிய கை, எதையும் அளந்தால்தான் அவருக்கு மனசு ஆறும். அவர் வாயால் சொல்வதை அரசாங்கத் தமிழாக்கி முத்திரை குத்துவது எழுத்தர் முத்துகிருஷ்ணன் வேலை. தீப்பெட்டி ஆபீஸ் காலத்திலிருந்தே அந்தக் கட்டடத்தோடு சேர்த்தே கைமாறி வருகிறவர்.

நாகலாபுரத்து இசக்கிச்செல்வி இங்கே தங்கி ராணுவ அதிகாரித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். தேர்வுக்கு இன்னும் ரெண்டரை வருஷம் இருந்தது. சும்மா இருந்தாளா? இன்னொரு போட்டித் தேர்வும் எழுதித் தொலைத்து, பக்கத்துப் பழைய ஓடுபாதையில் நடக்கும் விமானப் பள்ளியில் இலவச இடம் வாங்கிவிட்டாள். ஞாயிறுதோறும் பறந்து பழகி, தனியார் விமானி உரிமம் வாங்க வேண்டும். அவளுக்கு ரெண்டும் வேணும். பெயரை நீக்கினால் மூட்டையைக் கட்டிக்கொண்டு நாகலாபுரத்துக்கு மிளகாய் பறிக்கப் போக வேண்டியதுதான்.

"ஓடுபாதை இங்கருந்து ரெண்டரை கிலோமீட்டர், சரி. ஏறுன பெறவு எங்க போவ?" என்று கேட்டார் கமாண்டன்ட்.

"விளாத்திகுளம் வரைக்கும் போயித் திரும்பணும் சார்."

"அது முப்பது கிலோமீட்டர்லா! பேரை எடுத்துர வேண்டியதுதான்."

அப்போது முத்துகிருஷ்ணன் விதிப் புத்தகத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"சார், விதியில 'கால் பதித்தல்'னுதான் இருக்கு. இந்தப் பிள்ளை கால் எங்கன பதியுது?"

"ஆகாசத்துல எங்கவே பதியும்?"

"அப்ப இவ வெளியவே போகல சார்."

கமாண்டன்ட் மீசையைத் தடவி, "சரி, அப்படியே எழுதிக்கும்" என்றார். அன்று முதல் ஞாயிற்றுக்கிழமை வருகைப் பதிவேட்டில் இசக்கிச்செல்வி பெயருக்கு நேரே இப்படி ஒரு குறிப்பு ஏறியது: 'வளாகத்தில் உள்ளார் (மேலே)'. பெயர் கூப்பிடும்போது முத்துகிருஷ்ணன் நெற்றியில் கை வைத்து வானத்தை ஒரு பார்வை பார்த்து, "உள்ளார்" என்று அவரே பதில் சொல்லிக்கொள்வார்.

எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. ஒருநாள் பறக்கச் சொல்லித்தரும் ஐஸ்வர்யா மேடம், "தனியாப் போயி மதுரையிலயும் சேலத்துலயும் இறங்கி ஏறி வரணும். அதுதான் பெரிய கண்டம்" என்று சொன்னார்.

"இறங்கணும்னா, விமானம் இறங்கணுமா, நான் இறங்கணுமா மேடம்?"

இப்படி ஒரு கேள்வியை மேடம் தன் அனுபவத்தில் கேட்டதில்லை. விமானம் இறங்கினால் போதும் என்றார்.

போனாள். சேலத்தில் விமானம் இறங்கியது, இசக்கி இறங்கவில்லை. வந்து இறங்கியதற்குச் சாட்சியாகத் தாளில் கையெழுத்துப் போட வந்த விமான நிலையத்துக்காரர் நல்ல மனுஷன். "எறங்கி வந்து ஒரு டீ குடிச்சுட்டுப் போம்மா" என்று கூப்பிட்டார்.

"கால் தரையில பட்டா எங்க அகாடமியில பேரை எடுத்துருவாவ சார்."

"அப்படி என்ன அகாடமி? ஏர்ஃபோர்ஸா?"

"அதுக்கும் மேல சார். கரிசல் சிங்கம்."

அவர் பயந்துபோய் டீயை ரெண்டு கையாலும் ஏந்தி மேலே நீட்டினார். டீ குடித்தபிறகு கோவில்பட்டி வந்து சேரும்வரை அந்தப் பிள்ளை பட்ட அவஸ்தையை நான் எழுத வேண்டியதில்லை. தூரத்தில் பச்சைத் தண்ணீர்த் தொட்டி தெரிந்ததும் அவள் விட்ட பெருமூச்சில் கண்ணாடியே மங்கிவிட்டது. பதிவேட்டில் அன்றைக்கும் 'உள்ளார் (மேலே)'.

அகாடமியின் மற்றப் பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? கடம்பூர் பஸ்ஸில் ஏறி, இறங்காமல், ஜன்னல் வழியாகவே போளி வாங்கிக்கொண்டு, இறங்காமலே திரும்பி வந்தார்கள். கேட்டால், "கால் பஸ்ஸுல இருந்துச்சு சார், தரையில படல." ஒரு ஞாயிறு அணிவகுப்பில் பதிவேட்டுப்படி அறுபத்து நாலு பேர், மைதானத்தில் பதினோரு பேர். மீதி அத்தனை பேரும் மேலே. கைப்பற்றப்பட்ட போளியைச் சான்றுப் பொருளாக ஒவ்வொன்றாகப் பரிசீலித்து முடித்தபின், கமாண்டன்ட் திருத்தம் ஒன்றைச் சொல்ல, முத்துகிருஷ்ணன் எழுதினார்: "இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில், பனைமர உயரத்துக்குக் கீழ்ப்பட்ட யாவும் இனி தரையாகவே கருதப்படும்."

இசக்கிக்கு அதனால் கஷ்டம் ஒன்றுமில்லை. பறக்க வேண்டியதெல்லாம் பறந்து முடித்துவிட்டாள். அதற்கப்புறம் நாலு மாதத்தில் உரிமம் டெல்லியிலிருந்து ஸ்பீடு போஸ்டில் வந்தும்விட்டது. ஆனால் கையில் வந்து சேரவில்லை. பிற துறையினர் சீருடையோடு அகாடமிக்குள் நுழையத் தடை என்று விதி எண் பன்னிரண்டு சொல்கிறதே! காக்கிச் சட்டை போட்ட தபால்காரரை வாசலில் மறித்துவிட்டார்கள். ஏழு நாளைக்குள் தபால் ஆபீசுக்கு வந்து வாங்கிக்கொள்ளவும், தவறினால் திருப்பி அனுப்பப்படும் என்று ஒரு சீட்டை எழுதிக் கொடுத்துவிட்டு அவர் போய்விட்டார்.

இசக்கி சீட்டோடு கமாண்டன்டிடம் ஓடினாள்.

"உரிமம் வந்தாச்சா! சபாஷ்!" அவர் எழுந்து நின்றே கை கொடுத்தார். "ஏய் முத்துகிருஷ்ணன், முப்பதடியில ஃப்ளெக்ஸ் அடிக்கச் சொல்லும். 'எங்கள் அகாடமியில் பயின்ற விமானி'ன்னு பெருசாப் போடணும்."

"சார், தபால் ஆபீசுக்குப் போக அவுட்பாஸ் வேணும்."

"மனுக் குடு. பதினஞ்சு நாள்."

"ஏழு நாள்ல டெல்லிக்குத் திரும்பிப் போயிரும் சார்."

"போனா மறுபடியும் வரும். விதி போனா வருமா?"

முத்துகிருஷ்ணனுக்கு மனசு கேட்கவில்லை. அவரே டேப்பு, மேப்பு எல்லாம் வைத்து அளந்து வந்து சொன்னார்: "தாயி, தபால் ஆபீஸ் வாசப்படி நம்ம எல்லைக்குள்ளதான் இருக்கு, பயப்படாத. கவுன்ட்டர் மட்டும் நாலு மீட்டர் அந்தப் பக்கம்."

ஏழாம் நாள் சாயங்காலம் இசக்கி வாசற்படியில் போய் நின்றாள். உள்ளே கவுன்ட்டரில் ராமலட்சுமி என்ற அம்மா உட்கார்ந்திருந்தார்.

"அக்கா, என் தபாலைக் கொஞ்சம் இங்கன கொண்டாந்து தாங்களேன்."

"ஏம்மா, உள்ள வந்தா முள்ளா குத்துது?"

இசக்கி விதி எண் ஏழை ஒப்பித்தாள், திருத்தத்தோடு. ராமலட்சுமி சிரிக்கவில்லை. விதி என்றதும் அவர் முகத்திலும் ஒரு மரியாதை வந்துவிட்டது.

"கஷ்டந்தாம்மா. ஆனா கவுன்ட்டரைத் தாண்டி வந்து பட்டுவாடா செய்ய எனக்கு அதிகாரம் கிடையாது. அது தபால்காரர் வேலை. அவிய லீவு."

"வரிசையில நிக்கிற யார்ட்டயாச்சும் குடுத்து விடுங்க."

"உரியவர் கையில மட்டும்னு போட்டிருக்கே."

வரிசையில் நின்றவர்களுக்கு வந்த வேலை மறந்துவிட்டது. "நான் வேணா தூக்கிட்டுப் போறேன்" என்றார் ஒரு அண்ணாச்சி. "பனைமர உயரத்துக்குத் தூக்கணும் அண்ணாச்சி" என்றாள் இசக்கி. அவர் கூரையை நிமிர்ந்து பார்த்துவிட்டுப் பின்வாங்கினார்.

மணி நாலே முக்கால். ராமலட்சுமி திருப்பி அனுப்ப வேண்டியவற்றை எடுத்து அடுக்க ஆரம்பித்தார். ஒன்றே முக்கால் வருஷ ஞாயிற்றுக்கிழமை அத்தனையும் அந்த அடுக்கில் மேலாக இருந்தது. இசக்கி கண்ணை மூடிக்கொண்டு ஆறு எட்டு வைத்தாள். கையெழுத்துப் போட்டாள், உறையைப் பிரித்தாள். தன் பெயரையும் போட்டோவையும் பார்த்ததும் கரகரவென்று கண்ணீர் வந்துவிட்டது.

அழுது முடித்து நிமிர்ந்தால், வரிசையில் கடைசி ஆளாக முத்துகிருஷ்ணன், தபால்தலை வாங்க வந்தவர், டைரியில் நேரம் குறித்துக்கொண்டிருந்தார்.

"சார், நீங்களுமா?"

"என்ன செய்யச் சொல்லுத தாயி? கண்ணு பாத்துட்டா கை எழுதத்தான செய்யும்."

மறுநாள் விசாரணை. மதுரைக்கும் சேலத்துக்கும் போன பிள்ளை, பதிவேட்டுப்படி ஒருநாள்கூட வெளியே போகவில்லை. நாலு மீட்டர் நடந்ததில் வெளியே போய்விட்டாள். "பேரை எடும்" என்றார் கமாண்டன்ட்.

"எடுக்கலாம் சார். ஆனா ஃப்ளெக்ஸ் வந்து எறங்கிட்டுதே. முப்பதடி. அதுல இருக்க பேரை என்ன செய்ய?"

கமாண்டன்ட் வெளியே போய் ஃப்ளெக்ஸைப் பார்த்தார். ஒரு ஓரத்தில் இசக்கி, நடுவில் கூலிங் கிளாஸ் போட்டு அவரே சிரித்துக்கொண்டிருந்தார். உடனே ஆணை பிறந்தது: பெயர் நீக்கம் கருணையோடு நிறுத்திவைக்கப்படுகிறது. அதற்கு ஈடாக, மேற்படியார் ஞாயிறன்று பொதுமக்கள் முன்னிலையில் மைதானத்தை இருபது சுற்று ஓட வேண்டியது. பெற்றோர் தவறாமல் ஆஜராகவும்.

தாக்கீது போய்ச் சேர்ந்ததும் இசக்கியின் அம்மா வள்ளிமயில் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பஸ் ஏறினாள். 'ஏரோப்ளேன் ஓட்டுதவளையா நாயி மாதிரி ஓட விடுதிய? நீங்கல்லாம் மனுசங்களா?' என்று கேட்க வேண்டியதை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

வந்து பார்த்தால் வேலியைச் சுற்றித் திருவிழாக் கூட்டம். ஃப்ளெக்ஸுக்குக் கீழே இசக்கி ஓடிக்கொண்டிருந்தாள், உரிமம் சட்டைப் பையில். ஒவ்வொரு சுற்றுக்கும் கூட்டம், "பைலட்டையே இந்த ஓட்டம் ஓட விடுதாவ, நம்ம பயலுவள எப்படி வளப்பாவ!" என்று உச்சுக்கொட்டியது. சேர்க்கைப் படிவம் பத்து மணிக்கே தீர்ந்து, முத்துகிருஷ்ணன் வெள்ளைத் தாளில் எழுதி வாங்கிக்கொண்டிருந்தார்.

"எங்க அந்த கமாண்டரு? நான் அவளைப் பெத்தவ!" என்று சத்தம் போட்டாள் வள்ளிமயில்.

அவ்வளவுதான், கூட்டம் வழிவிட்டது. ஒருத்தர் நாற்காலி போட்டார், ஒருத்தி குடை பிடித்தாள். "எப்படிம்மா இப்படி ஒரு பிள்ளைய வளத்திய?" என்று பட்டுச்சேலை கட்டிய ஒரு தீப்பெட்டி ஆபீஸ் முதலாளியம்மாவே கையைப் பிடித்துக் கேட்டாள். கேட்க வந்த கேள்வி எந்தப் பக்கம் போனதோ, வள்ளிமயில் மெதுவாக உட்கார்ந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

பதினாலாவது சுற்று. வெயில் மண்டையைப் பிளந்தது. இசக்கி ஒரு மூலையில் சுண்ணாம்புக் கோட்டுக்கு உள்ளாக நாலு எட்டுக் குறுக்கே வெட்டினாள். கமாண்டன்ட் கவனிக்கவில்லை, முத்துகிருஷ்ணனும் கவனிக்கவில்லை. வள்ளிமயில் நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டாள்.

"ஏட்டி! கோட்டுக்கு வெளிய ஓடு! நாலு பேரு பாக்காவல்லா!"

கூட்டம் கை தட்டியது. இசக்கி நின்று அம்மாவை ஒருதரம் பார்த்தாள். பிறகு திரும்பிப் போய் அந்த மூலையை முதலிலிருந்து ஓடினாள்.