எலுமிச்சம்பழத்தில் ஏறி நின்ற விமானம்

அந்த ஞாயித்துக்கிழமை எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. விமானத்தைப் பறக்க விடணும்.

சிரிக்காதீங்க. விமானம்தான். என்ன, ஆள் ஏற முடியாது. றெக்கை ரெண்டு முழம், மூக்குல கட்டைவிரல் தண்டிக்கு ஒரு எஞ்சின். துபாய்ல இருந்து சித்தப்பா பையன் டப்பாவோட கொண்டுவந்து கொடுத்தது. உள்ளே தக்கை மாதிரி கட்டை, மெல்லிசு காகிதம், பசை. நாமே ஒட்டிக் கட்டிக்கணும்.

அம்பத்தூர் எஸ்டேட்ல லேத் ஓட்டுறவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையான்னு ஒரு தீபாவளிக்கு ஆரம்பிச்சேன். அடுத்த தீபாவளி எட்டிப் பார்த்துடுச்சு.

முகப்பேர்ல எங்க ஹவுசிங் போர்டு வீட்டுல இருந்ததே ரெண்டு ரூம். அதுல ஒண்ணு விமானத் தொழிற்சாலை. என் மனைவி மல்லிகாவோட தையல் மெஷின் சமையல்கட்டுல, குக்கருக்குப் பக்கத்துல.

"ஏங்க, ஞாயித்துக்கிழமை இது பறக்கலேன்னா அந்த ரூம் எனக்கு. அப்புறம் கட்டை, பசைன்னு வாயே திறக்கக் கூடாது."

"பறக்கும்!"னேன். அவகிட்ட மட்டும் சொன்னா போதாதுன்னு பிளாக் முழுக்கச் சொன்னேன்.

பருத்திப்பட்டு ஏரிக்கரைக்குக் கூட்டிப்போக மச்சான் குமார் தன் ஆட்டோவோட வந்தான். கையில பீடி.

"டேய், பீடியைத் தூக்கிப் போடு! நேத்துதான் வார்னிஷ் அடிச்சிருக்கேன். நெருப்பே ஆகாது!"

வார்னிஷ் டப்பாவுல நெருப்புப் படம் போட்டு, குறுக்கே சிவப்புக் கோடும் இழுத்திருந்தான். நான்தான் விவரமானவன் ஆச்சே!

குமார் பீடியை அணைச்சுட்டு, பிளாக் வாசல்ல வெச்சிருந்த விமானத்தைச் சுத்தி வந்தான். "இன்னா மாமா, புது வண்டிய பூஜை போடாமயா எடுக்கறே?"

"இது வண்டி இல்லடா."

"எஞ்சின் கீதா? சக்கரம் கீதா? அப்புறம் இன்னா?"

அதுக்குள்ள மல்லிகா சந்தனக் கிண்ணத்தோட வந்துட்டா. "போட்டுடுங்க. அப்புறம் பறக்கலேன்னா என்னைச் சொல்லக் கூடாது."

எடை குறையணும்னு உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சே கை காய்ச்சுப் போன விமானம். அதுக்குச் சந்தனம், குங்குமம், மூக்குல ஒரு முழம் மல்லிப்பூ. விமானம் குப்புறக் கவுந்துச்சு. பூவைக் கழட்டிட்டு நிமிர்த்தினேன்.

அடுத்து, சக்கரத்துக்கு அடியில எலுமிச்சம்பழம். நான் மெதுவாத் தள்ளினேன். விமானம் பழத்து மேல ஏறி, அப்படியே உட்கார்ந்துகிச்சு. பழத்துல ஒரு கீறல் இல்ல!

"அமுக்கு மாமா!"

"றெக்கை உடையும்டா!"

குமார் யோசிச்சான். பழத்தை எடுத்துட்டுப் போய் தன் ஆட்டோ சக்கரத்துல நசுக்கி, திரும்பக் கொண்டுவந்து விமானத்துக்கு அடியில வெச்சான். சாமிக்குத் தெரியவா போகுது!

வேடிக்கை பார்க்கக் கூடின கூட்டத்துல இருந்து கீழ்வீட்டு கோவிந்தன் அண்ணன் குரல் கொடுத்தார். "கற்பூரம் காட்டலியா?"

காட்டினேன். நானேதான். பீடின்னா நெருப்பு, கற்பூரம் சாமி காரியமாச்சே, அதைப் போய் யார் நெருப்புன்னு நினைப்பா? கண்ணை மூடி, பக்தியா, நல்லாக் கிட்டக்கவே காட்டினேன்.

பக்!

கண்ணைத் திறந்தா ரெண்டு றெக்கையும் எரியுது. குமார் கைப்பம்புல தண்ணி அடிச்சுக் கொண்டுவர்றதுக்குள்ள சாம்பலும் எஞ்சினும்தான் மிச்சம். நல்லவேளை, யாருக்கும் ஒரு கொப்புளம்கூட இல்ல.

கோவிந்தன் அண்ணன் என் தோளைத் தட்டினார். "எம்மாம் கண்ணு பட்டுக்கீது பாத்தியா? நல்லவேளை பூஜை போட்டே. அதோட போச்சு!"

கூட்டமே ஆமா ஆமான்னுச்சு. மல்லிகா மட்டும் துடைப்பத்தை எடுத்துச் சாம்பலைக் கூட்டினா. அதுக்கு அவ திட்டியிருக்கலாம்.

சாயங்காலம் தையல் மெஷின் ரூமுக்குள்ள போச்சு. பொட்டு வெச்சு, பூ சுத்தி, அதுக்கும் கற்பூரம் காட்டினா.

நான் கதவோரமா நின்னு ரொம்ப நேரம் பார்த்தேன். மெஷின் எரியவே இல்ல.