மெத்தைக்கு அடியிலிருந்து ஒரு மறுப்பு

உலகத்தை நாலாக மடித்து நாள்தோறும் எங்கள் வாசலில் வீசியருளும் பத்திரிகை ஆசிரியர் பெருந்தகைக்கு, ஓர் அக்காவுக்குத் தம்பியும் மூன்று பிள்ளைகளுக்கு மாமாவும் மாடியறை அகதியுமாகிய அடியேன் எழுதுவது. இங்கு யாவரும் நலம். தங்கள் நலத்தையும் தங்கள் புகைப்படக்காரரின் கண் நலத்தையும் அறிய ஆவல்.

போன செவ்வாய்க்கிழமை அகதிகள் விடுதியைக் காலி செய்து இந்த மாடிக்குக் குடிவந்தோம். வண்டி கிடைக்காததால் மெத்தையைத் தலையில் வைத்துத் தெருவோடு வந்தோம். மறுநாள் முதல் பக்கத்தில், யானை படுத்துறங்கும் அளவு எழுத்தில், 'அலை அலையாய் அகதிகள்! திணறுகிறது நகரம்!' என்று போட்டீர்கள். ஐயா, திணறியது நான் ஒருவன்தான், மெத்தைக்கு அடியில். படத்தின் கீழே, 'மெத்தைக்குள் என்ன? முகம் மறைத்து முன்னே நடக்கும் மர்மத் தலைவன்' என்றிருந்தது. மெத்தைக்குள் பஞ்சு, அதுவும் பாதிதான். முன்னே நடந்தவர் மானஸ்தர்; பெயரைக் கெடுக்க மாட்டேன். ஐந்தாம் பக்க நிபுணரோ மழைக்காலத்துக்குள் நாங்கள் பத்தாயிரம் பேராகிவிடுவோம் என்கிறார். அக்கா அதைப் படித்துவிட்டு, "அத்தனை பேருக்கும் நான் ஒருத்தியாடா சமைக்கணும்?" என்று உட்கார்ந்துவிட்டாள்.

வினை இனிமேல்தான். கீழ்வீட்டு ஓனர் கண்ணாடி போடாமல் தலைப்பை மட்டும் படிக்கிறவர். பேப்பரோடு மாடியேறி வந்தார்.

"அஞ்சு பேருன்னு சொன்னியேப்பா. மிச்ச அலைய எங்க வச்சிருக்க?"

கட்டிலுக்கடியில் பார்த்தார். குளியலறையில் பார்த்தார். பல் துலக்கும் பிரஷ்களை எண்ணினார்.

"ஆறு இருக்கே. ஆறாவது ஆள் யாரு?"

"அது குக்கர் விசில் தேய்க்கிறதுங்க."

"எல்லாரும் இப்படித்தான் சொல்வாங்க. ஞாயித்துக்கிழமைக்குள்ள காலி பண்ணிடு."

நான் வாயைத் திறப்பதற்குள் படியிறங்கிவிட்டார். எங்கள் புகலிட மனுவுக்கு அடுத்த மாதம் விசாரணை. அழைப்புக் கடிதம் இந்த விலாசத்துக்குத்தான் வரும். விலாசம் போனால் கடிதம் போச்சு, கடிதம் போனால் மூன்று வருடக் காத்திருப்பும் போச்சு. ஆகவே, 'அது அலை அல்ல. ஐந்து பேர், ஒரு மெத்தை' என்று அதே யானை எழுத்தில் மறுப்பு வெளியிட வேண்டுகிறேன். தவறினால் உண்ணாவிரதம் இருப்பேன், சாப்பாட்டு வேளைகள் நீங்கலாக.

தங்கள் மை வற்றாதிருக்கட்டும், தங்கள் நிபுணருக்கு எண்ணிக்கை கைகூடட்டும் என்று வாழ்த்தும்,
மாடியறை மாமா.

பின்குறிப்பு: இதைத் தபாலில் போடக் கீழே இறங்கினால், ஓனரம்மா பேப்பரை ஓனரின் மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தார். "இந்தக் கிழிஞ்ச பனியனத் தூக்கிப் போடுங்கன்னு எத்தன தடவ சொன்னேன்? இப்ப ஊரே உங்க முதுகப் பாக்குது." மெத்தையின் முன்பக்கத்தைச் சுமந்து உதவிய புண்ணியவான் சாட்சாத் ஓனர்தான். கண்ணாடி போட்டு வெகுநேரம் பார்த்தார்.

"அப்ப அந்த அலையில நானும் ஒரு சொட்டா?"

"சொட்டு இல்லைங்க, தலைவர்."

காலி செய்ய வேண்டாமாம். மறுப்பும் வேண்டாமாம். முகம் தெரிகிற மாதிரி இன்னொரு படம் மட்டும் வேண்டுமாம். எனவே ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அதே மெத்தையோடு அதே தெருவில் வருகிறோம், புகைப்படக்காரரை அனுப்பிவையுங்கள். முன்னால் அவர், சலவைச் சட்டையில். அடியில் வழக்கம்போல் நான்.