மூஞ்சி வந்துடுச்சு, ஆள் வரலை

ஒரு பாஸ்போர்ட் சைஸ் படம் எடுக்க முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்ட போட்டோக்காரர் உலகத்திலேயே ஒருவர்தான் இருந்திருப்பார். அவர் திருவண்ணாமலையில், வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசுக்குப் பக்கத்தில் கடை வைத்திருந்தார்.

அந்தக் கடை வாசலில்தான் என் மேஜை. நான் மனு எழுதிக் கொடுக்கிறவள். பத்தாவது வரைதான் படிப்பு. கையெழுத்து நன்றாக வரும். பேச்சு வராது. அவருடைய பெயர் எனக்கே நாலு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. எல்லோருக்கும் அவர் 'ஆள்வரலை பாய்'.

வருகிறவரை ஸ்டூலில் உட்கார வைப்பார். காலரைச் சரிசெய்வார். கேமராவுக்குப் பின்னால் குனிவார். பெருமூச்சோடு நிமிர்வார்.

"மூஞ்சி வந்துடுச்சு. ஆள் இன்னும் வரலை."

"யாரு பாய் வரணும்? நான் தனியாத்தானே வந்தேன்."

"நீதான்யா வரணும். மூஞ்சிய மட்டும் இங்க அனுப்பிட்டு நீ எங்கியோ உக்காந்துகினு இருக்கிற."

கரண்ட் ஆபீசுக்கு அவசரமாக ஓட வேண்டிய ஆள் என்ன செய்வார்? பல்லைக் கடித்துக்கொண்டு முறைப்பார். அந்த முறைப்பில் கேமரா டக்கென்று அடிக்கும். எங்கள் வட்டாரத்தில் கோபமான முகத்தோடு அடையாள அட்டை வைத்திருக்கும் எல்லோரும் பாய் கடையில் படம் எடுத்தவர்கள்தான்.

எல்லாம் அவர் படித்த உருதுக் கவிதைகளால் வந்த வினை. அவர் அப்பா விட்டுப்போன பெட்டியில் இருந்தவை அவை. ஒரு வரியை உருதுவில் சொல்லிக் கண்ணை மூடிக்கொள்வார். கேட்ட நாங்களும் மரியாதைக்குக் கண்ணை மூடிக்கொள்வோம். பிறகு தமிழில் சொல்வார்: "ஆண்டவன் மனுசன பாதி வேலையில வுட்டு வெச்சிருக்கான். மீதி வேலை நம்முளுது. 'நான்'ங்கிறத தண்ணி ஊத்தி வளக்கணும். அப்படி வளந்து முடிச்சவன்தான் இன்ஸானே காமில். முழு மனுசன்."

"அப்படி யாரையாச்சும் பாத்திருக்கீங்களா பாய்?"

"அதுக்குத்தானே கடை வெச்சிருக்கேன்."

மற்ற ஸ்டூடியோக்களில் குழந்தைப் படமும் கல்யாணப் படமும் தொங்கும். பாய் கடைச் சுவரில் ஒரு பெரிய காலிச் சட்டம் மட்டும் தொங்கியது. முழு மனிதன் கிடைத்தால் மாட்டுவதற்காம். பதினோரு வருஷம் தொங்கியது. நான் வாரம் ஒருமுறை தூசி தட்டினேன்.

செங்கம் ரோடு ஆசிரமப் பக்கத்திலிருந்து ஒரு வெள்ளைக்கார அம்மா விசா பேப்பருக்குப் படம் எடுக்க வந்தார். மொட்டைத் தலை, சாந்தமான முகம், கொஞ்சம் தமிழ். பாய் வழக்கம்போல ஆள் வரவில்லை என்றார். அந்த அம்மா சந்தோஷமாகச் சிரித்தார்.

"ஆமாம். 'நான்' வேண்டாம். 'நான்' போகணும். அதுக்குத்தான் இங்க வந்தேன்."

பாய் ஆடிப்போய்விட்டார். "அதைத் தொலைச்சுட்டா நான் எதம்மா படம் புடிக்கிறது?"

ஒரு மணி நேரம் வாதம் நடந்தது. ஒருவர் வளர்க்கச் சொல்கிறார், ஒருவர் அழிக்கச் சொல்கிறார். கடைசியில் பாய் லென்ஸை மூடிவிட்டு டீ குடிக்கப் புறப்பட்டார். பதினைந்து வருஷ தியானத்தை ஒரே நொடியில் மறந்து, அந்த அம்மா எழுந்து நின்று கத்தினார்: "யோவ்! எனக்கு லேட் ஆகுது!"

டக்.

"வந்துடுச்சு பாரு ஆளு!" என்றார் பாய். அந்த அம்மா படத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு வருஷா வருஷம் பாய்க்கு ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கி வந்தார்.

என்னோடு அவருக்கு வேறு சண்டை. 'பணிவுடன் வேண்டுகிறேன்', 'கருணை கூர்ந்து' என்று நான் எழுதினால் தோளுக்குப் பின்னாலிருந்து சத்தம் வரும். "கெஞ்சாத தங்கச்சி. கை ஏந்த ஏந்த ஆளு கம்மியாயிடுவான். கவிஞருங்க அத்தினி பேரும் சொல்றாங்க."

எனக்கு எப்போதாவதுதான் பதில் வாயில் வரும். அன்றைக்கு வந்தது. "பாய், உரிமையக் கேட்டா அது பிச்சையா?"

இரண்டு நாள் அப்பாவின் பெட்டியைக் கிளறிக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் வந்து, "இல்ல. அது ஞாபகப்படுத்துறது. இனிமே 'நினைவூட்டுகிறேன்'னு போடு" என்றார். தொல்லை தாங்காமல் ஒரு பெரியவரின் பென்ஷன் மனுவில் அப்படியே போட்டேன். படித்துக் காட்டியதும் பெரியவர் பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "யம்மா, உனக்குப் புண்ணியமாப் போவும், பணிவுடன்னே போடும்மா. இதுல நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

அலுப்பாக இருக்கும் எனக்கு. வெயில், கூட்டம், பாய் வேறு. இதற்கிடையில் என் வீட்டுக் கஷ்டத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை. எங்கள் வீடு அடி அண்ணாமலையில். பௌர்ணமி கிரிவலத்துக்கு வருகிற வண்டிகளை நிறுத்த இடம் விடுகிறேன் என்று முன்மனைக்காரர் எங்கள் பொது வழியையும் சேர்த்துக் கம்பி வேலி போட்டுவிட்டார். ஒரு ஆள் பக்கவாட்டில் நுழையும் சந்துதான் மிச்சம். என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம். சக்கர நாற்காலி அதில் போகாது. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமானால் இரண்டு பேரைக் கூப்பிட்டுத் தூக்க வேண்டும். தூக்கும்போது அவர் கண்ணை மூடிக்கொள்வார். அதனாலேயே வெளியே வருவதை விட்டுவிட்டார்.

ஒருநாள் பேனா தேடி என் மேஜை டிராயரைத் திறந்த பாய், உள்ளே ஒரு கட்டுத் தாளைப் பார்த்தார். எல்லாம் என் மனு. எதுவும் 'ஐயா, நான்' என்ற இடத்தைத் தாண்டவில்லை.

"ஊருக்கெல்லாம் 'நான்' 'நான்'னு எழுதுறியே தங்கச்சி. உன்னுது ஒண்ணு இங்க இருட்டுல கெடக்குதே" என்றார். சத்தம் போடாமல் சொன்னார். அதுதான் சுட்டது.

அன்றைக்கு அவர் பக்கத்தில் நிற்க, வேலிக் கதையை முழுசாக எழுதி முடித்தேன். அடுத்த திங்கட்கிழமை, கலெக்டர் ஆபீசில் மனுநாள். கடையைச் சாத்திவிட்டு எனக்குத் துணைக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, தொப்பி, அத்தர். கேட்டில் போலீஸ்காரர் தண்ணீர் பாட்டிலை மண்ணெண்ணெயா என்று மோந்து பார்த்து உள்ளே விட்டார். வரிசையில் முன்னே பின்னே நின்ற அத்தனை பேருக்கும் பாய் பாடம் எடுத்தார். "குனியாதீங்க. நிமிந்து நில்லுங்க. அவரும் மனுசன், நாமளும் மனுசன்." எனக்கு எங்காவது ஓடிவிடலாம் போலிருந்தது. மனு அவர் கையில் இருந்தது. நான் கிழித்துவிடுவேன் என்று அவரே வைத்துக்கொண்டார்.

எங்கள் முறை வந்தது. மனு கையிலிருந்ததால் வயதானவரைத்தான் முன்னால் விட்டார்கள். கலெக்டர் நிமிர்ந்து பார்த்து, "சொல்லுங்க பெரியவரே" என்றார்.

பாய் வாயைத் திறந்தார்.

ஒன்றும் வரவில்லை. தொப்பியைக் கழற்றினார், போட்டார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் தினமும் பார்க்கிறேன். என் மேஜைக்கு எதிரே உட்காருகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் பார்ப்பார்கள்.

அவர் கையிலிருந்து தாளை வாங்கினேன். "ஐயா, நான் அடி அண்ணாமலைங்க. மனு என்னுதுங்க" என்றேன். அப்புறம் என்ன பேசினேன் என்று ஞாபகமில்லை. ஒரு இடத்தில் 'ஞாபகப்படுத்துறேங்க' என்று சொன்னதாக நினைவு.

வெளியே புங்கமரத்தடியில் டீ வாங்கிக் கொடுத்தேன்.

"என்ன பாய் ஆச்சு?"

"வாயத் தொறந்தேன் தங்கச்சி. உள்ள ஆள் இல்ல."

எனக்கே தெரியாமல் சொல்லிவிட்டேன்: "மூஞ்சி வந்துடுச்சே பாய்."

டீ புரையேறும் வரை சிரித்தார்.

சர்வேயர் வந்து அளந்தார். வேலி நகர்ந்தது. சக்கர நாற்காலி இப்போது உராயாமல் போகிறது. என் வீட்டுக்காரர் சாயந்திரம் ரோட்டோரம் வந்து, மலையைச் சுற்றிப் போகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவ்வளவுதான். அதற்கே எனக்குப் பாதி ஆயுசு போன மாதிரி இருந்தது.

பாய் போன வருஷம் கடையைக் காலி செய்துவிட்டு வாணியம்பாடியில் மகள் வீட்டோடு போய்விட்டார். செல்போனிலேயே எல்லோரும் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அதில் ஆளும் வருவதில்லை, யாரும் தேடுவதுமில்லை. காலிச் சட்டத்தை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். இப்போது அது காலியாக இல்லை. அவ்வளவு பெரிய சட்டத்தின் நடுவில் ஒரு பாஸ்போர்ட் சைஸ் படம் இருக்கிறது. அதை எடுத்தது நான்.

கடையைக் காலி செய்வதற்கு முன்னால், அவர் ஹஜ்ஜுக்குப் போக பாஸ்போர்ட் எடுக்க வேண்டியிருந்தது. வேறு கடைக்காரனை நம்ப மாட்டேன் என்று கேமராவை என்னிடம் கொடுத்துவிட்டு, அதே ஸ்டூலில் போய் உட்கார்ந்தார். காலரைச் சரிசெய்துகொண்டார். கைகளை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு, மனு எழுத வந்தவர் மாதிரி என்னைப் பார்த்தார்.

"பாத்து எடு தங்கச்சி. அவசரப்படாத. ஆள் வந்துட்டானா?"

அந்த ஆள் வந்து ரொம்ப வருஷமாகிவிட்டது. சொல்லக் கூச்சமாக இருந்தது. பட்டனை அழுத்தினேன்.