கெண்டிச் சம்பளம்

உலக முதலாளிகள் எல்லோரும் எங்கள் ஊர்க் கெண்டி ஆலையிடம் வந்து பாடம் கேட்கும் நாள் தொலைவில் இல்லை. உக்ரைன் சுதந்திரம் அடைந்ததும் ஆலையும் சுதந்திரம் அடைந்தது, சம்பளம் கொடுக்கும் பழக்கத்திலிருந்து. பணத்துக்குப் பதில் கெண்டி. மாதக் கடைசியில் எங்கள் பங்கைத் தனியாகச் செய்து எடுத்துக்கொள்வோம். நெடுஞ்சாலை ஓரம் அடுக்கி, லாரிக்காரர்களிடம் விற்று ரொட்டி வாங்குவோம். ஆலைக்கு விற்பனைப் பிரிவே தேவைப்படவில்லை. இது மேதைமை அல்லவா?

லாபம் மட்டும் வரவில்லை. கீவிலிருந்து ருஸ்லான் என்ற "மனிதவள நிபுணர்" வந்தார். ஆலைச் சரக்கு அடுக்கியிருந்த கிட்டங்கியிலிருந்து ஒரு கெண்டியை எடுத்துத் தண்ணீர் ஊற்றினார். மூக்கடியில் ஒழுகி அவருடைய புதுக் காலணி நனைந்தது.

"போரிஸ் தராசோவிச், உங்க ஆளுங்ககிட்ட தரமே இல்லையே!"

"முன்னாடி இருந்துச்சு தம்பி," என்றார் இயக்குநர். "பழைய அரசாங்கம் போனப்ப அதையும் சேத்து எடுத்துட்டுப் போயிட்டாங்க போல."

கெண்டிக்கு மூக்கு பற்றவைப்பது என் அம்மா ஹலீனா. நிபுணர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, பட்டியலில் பெயரை மட்டும் அடித்தார். வேலை போனது. எங்கள் வீட்டில் அந்தக் குளிர்காலத்தைக் கடத்த வேறு வழியே இல்லை.

அன்று மாலை ருஸ்லானின் கார் சாலையோரம் கெண்டி விற்றுக்கொண்டிருந்த எங்கள் முன்னால் நின்றது. ஒரு கெண்டியில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். ஒரு சொட்டு ஒழுகவில்லை.

"யாரும்மா இதைச் செஞ்சது?"

"நான்தான்."

"ஆலைக்கு வந்துடுங்க! ஒழுகுற கெண்டி செஞ்ச பொம்பளைய காலையிலதான் அனுப்பினோம். இடம் காலியா இருக்கு."

"அவளும் நான்தான் ராசா."

"அப்ப அது ஏன் ஒழுகுச்சு?"

"அது ஆலையோடது. இது என் சம்பளமாச்சே, ஒழுகினா எவன் வாங்குவான்?"

நிபுணர் நெகிழ்ந்துபோனார். தொழிலாளிக்குத் தரம் உண்டு என்ற மாபெரும் உண்மையை அன்றே நிர்வாகத்திடம் தெரிவித்தார். நிர்வாகமும் தாமதிக்கவில்லை. அம்மாவுக்கு வேலை திரும்பக் கிடைத்தது. மாதக் கடைசியில் நாங்கள் செய்த நல்ல கெண்டிகள் கிட்டங்கிக்குப் போயின; கிட்டங்கியில் கிடந்தவை எங்களுக்குச் சம்பளமாக வந்தன. ஆலை முதன்முறையாக லாபம் பார்த்தது.

அம்மா தன் சம்பளத்தில் தண்ணீர் ஊற்றினாள். "ஐயா, எல்லாமே ஒழுகுதே! இதை எங்க கொண்டுபோய் விக்கிறது?"

இயக்குநர் கனிவாகச் சிரித்தார். "நீங்க பத்தவச்சதுதானே, ஹலீனா வசிலிவ்னா?"

மறுக்க முடியுமா? ஒழுகாத கெண்டி நிர்வாகத்தின் சாதனை. ஒழுகும் கெண்டிதான் எங்கள் உழைப்பு.