என்னை உள்ளுக்கு விடாதேங்கோ

சூதாட்டக் கடைக்குள் போய், தன்னை ஏன் இன்னும் வெளியே துரத்தவில்லை என்று சண்டை பிடித்த மனிதர் லண்டனிலேயே ஒருவர்தான். எங்கள் பிளேஸ்டோவின் ‘விடாதேங்கோ அண்ணை’. சொந்தப் பெயர் அவருடைய மனைவிக்கே மறந்திருக்கும்.

ஒரு பெட்டிங் கடைக்குள் நாலு சூதாட்ட மெஷினுக்கு மேல் வைக்கக்கூடாது என்பது சட்டம். “நல்ல சட்டம்தான். அதாலதான் பக்கத்தில இன்னொரு கடை திறக்கிறாங்கள்” என்பார் அண்ணை. அந்த மெஷின்களின் முன்னால் அவருடைய நல்ல காலம் முழுவதும் கரைந்தது. கடைசியில் ஒருநாள், எல்லாக் கடைகளிலும் தன் படத்தைக் கொடுத்து, “இனி என்னை உள்ளுக்கு விடாதேங்கோ” என்று கையெழுத்தும் வைத்தார். அப்படியொரு ஏற்பாடு இங்கே உண்டு.

மற்றவர்கள் என்றால் அதோடு அந்தப் பக்கமே போகமாட்டார்கள். அண்ணை சனிக்கிழமைதோறும் போனார், விடுகிறார்களா என்று பார்க்க. விட்டார்கள். “ஹலோ அங்கிள்” என்று வரவேற்கவும் செய்தார்கள்.

“அண்ணை, பேசாம வீட்டில இருக்க ஏலாதோ?” என்று கேட்டேன். ஊருக்கு அறிவுரை சொல்வது என் வியாதி.

“தம்பி, நான் உறுதியான ஆள் எண்டு நம்பித்தான் அழிஞ்சனான். இனிக் கதவு உறுதியா இருக்கோணும்.”

பிழை படத்தில் இருந்தது. மகளின் கலியாணத்தில் மீசைக்கும் தலைக்கும் மை பூசி எடுத்த படம். இப்போது அவர் முழு வெள்ளை. இதை நான்தான் கண்டுபிடித்தேன் என்று பெருமையடித்தேன். அதனால் கடை வாசலில் காவலுக்கு நிற்கும் வேலை எனக்கே வந்தது. “கொஞ்ச நேரத்தில நான் வராட்டி நீர் உள்ள வாரும்” என்பது ஏற்பாடு.

ஒரு சனிக்கிழமை அவர் வெளியே வரவில்லை. உள்ளே போனேன். ஒரு மெஷினின் முன்னால் அசையாமல் நின்றார். சிவப்பும் பச்சையுமாக வெளிச்சம் அவர் முகத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

“அண்ணை, வாங்கோ.”

“வாறன் தம்பி... கால் வருகுதில்லை.”

எனக்குப் பகிடி மறந்துபோனது. அவருடைய கையை இறுக்கிப் பிடித்தேன். அந்த நேரம் பார்த்துக் கடைப் பெண் வந்தாள். கையிலிருந்த படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். எனக்கும் கறுத்த மீசை, கறுத்த தலை.

“சேர், உங்களை விடக்கூடாதென்று நீங்களே கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வெளியே போங்கள்.”

அது நானில்லை என்று என் பேர்போன ஆங்கிலத்தில் விளக்கினேன். எல்லோரும் அப்படித்தான் சொல்வார்களாம். நான் பிடித்த கையை விடாததால் இருவருமே தெருவுக்கு வந்து சேர்ந்தோம்.

“வேலை செய்யுது தம்பி, வேலை செய்யுது!” அண்ணை துள்ளினார். எதிரே பஸ் தரிப்பில் எங்கள் தமிழ்ப் பள்ளி அதிபர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றார். பின்னேரமே என் மனைவிக்கு ஆறுதல் சொல்லித் தொலைபேசி அழைப்புகள் வரத் தொடங்கின.

பிறகு அதே தெருவில் மெஷின்களுக்கென்றே பெரிய கடையொன்று திறக்க விண்ணப்பம் வந்தது. கவுன்சில் விசாரணையில் கடை வேண்டாமென்ற எங்கள் பக்கம் பேச என்னைத்தான் தெரிவு செய்தார்கள். ஒரு வாரம் கண்ணாடி முன் பயிற்சி எடுத்தேன். அங்கே எழுந்ததும் “குட் மோர்னிங்” மட்டும் வந்தது. அப்போது நேரம் பின்னேரம் மூன்று மணி.

அண்ணை எழுந்தார். தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், “என்னை நிப்பாட்டச் சொன்னனான். இவரை நிப்பாட்டினவை. இன்னும் மெஷின் வந்தா ஆர் ஆரை நிப்பாட்டுறது?” என்றார்.

சிரிப்பு அடங்கச் சற்று நேரமானது. பிறகு யாரும் சிரிக்கவில்லை. கடைக்கு அனுமதி கிடைத்தது; ஆனால் கேட்டதைவிடக் குறைந்த நேரம்தான் திறக்கலாம், வாசலில் எப்போதும் ஓர் ஆள் நிற்கவேண்டும் என்று நிபந்தனை போட்டார்கள். அண்ணைக்கு அது பாதி வெற்றி. எனக்கு முழுத் தோல்வி என்று வீட்டில் சொன்னார்கள்.

போன மாதம் அவர் மகளோடு இருக்க லண்டனின் மறுகோடியிலுள்ள ஹரோவுக்குப் போய்விட்டார். வழியனுப்பும்போது நான் ஒன்றும் அழவில்லை. கையசைத்துவிட்டு, வந்த பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். அது எங்கள் வீட்டுப் பக்கம் போகிற பஸ் இல்லை என்பது கடைசித் தரிப்பில்தான் தெரிந்தது.