வேர்நாட்டில் யாருக்கும் செருப்பில்லை

“ஏம்மா, உன் கதையில பத்துப் புள்ளைங்க வருது. ஒரு புள்ள கால்லகூட செருப்பக் காணோமே, ஏன்?”

நேரு வீதியில் இருபத்தெட்டு வருடமாகக் குழந்தைகளுக்கான செருப்பும் ஷூவும் விற்கும் காசிலிங்கம், அன்புசெல்வியிடம் இப்படித்தான் கேட்டார். கேள்வியில் தப்பு ஒன்றும் இல்லை. ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும்போது அவர் கடையில் பிள்ளைக்கு ஷூ வாங்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் இலவசமாகக் கொடுக்கப்போகிற கதைப்புத்தகம் அது. ஆயிரம் பிரதி எடுத்துக்கொள்வதாக வாக்குக் கொடுத்திருந்தார். அதில் முன் அட்டையிலிருந்து பின் அட்டைவரை அத்தனை பேரும் வெறுங்காலோடு திரிந்தால் செருப்புக் கடைக்காரர் கேட்காமல் இருப்பாரா?

அன்புசெல்வி தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்குச் சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் அட்டைப்பெட்டி மடிக்கிற வேலை. கதை எழுதுவதும் அதற்குப் படம் போடுவதும் ஞாயிற்றுக்கிழமைகளில். பத்துக் கேள்வி கேட்டால் ஒன்றுக்குப் பதில் வரும். அதுவும் பாதியில் நின்றுவிடும்.

“அது வந்துங்க சார்... எனக்கு செருப்பு...”

“புடிக்காது!” என்று முடித்துவைத்தார் பக்கத்தில் உட்கார்ந்திருந்த புருஷோத்தமன். “ஒரு எழுத்தாளரப் போய் இப்பிடியெல்லாம் கேக்கக் கூடாது காசி. அதுக்குப் பின்னாடி பெரிய அர்த்தம் இருக்கு.”

“இன்னா அர்த்தம்?”

“இருக்கு” என்றார் புருஷோத்தமன் அழுத்தமாக.

தெரியாது என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்து யாரும் கேட்டதில்லை. தான் கால் வைக்காத தெருவுக்குக்கூட வழி சொல்லக்கூடியவர். சாரத்தில் தன் வீட்டு முன்னறையில் ‘குருவிக்கூடு’ என்று ஒரு பதிப்பகம் வைத்திருந்தார். அது வெளியிட்ட முதல் மூன்று புத்தகங்களும் அவருடைய கட்டிலுக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்தன. நாலாவதும் அங்கேயே படுக்க வந்தால், முன்னறையில் தன் தையல் மிஷினைப் போட்டுவிடுவதாக அவர் மனைவி மாலா சொல்லியிருந்தாள். சொன்னதோடு நிற்கவில்லை, மிஷினுக்கு எண்ணெயும் போட்டுவிட்டாள்.

“அர்த்தம் இருந்துட்டுப் போவட்டும்” என்றார் காசிலிங்கம். “அந்த ராஜகுமாரனுக்காவது ஒரு ஜோடி மாட்டி உடுங்க. இல்லன்னா நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு இத ஷூவோட சேத்துக் குடுக்கறது?”

வெளியே வந்ததும் புருஷோத்தமன் அன்புசெல்வியிடம் தணிந்த குரலில் சொன்னார். “ஒரே ஒரு படம்தாம்மா. உன் கொள்கைக்கு இது ஒத்துவராதுன்னு எனக்குப் புரியுது. இந்த ஒரு தடவ வளைஞ்சி குடு.”

“சரிங்க சார்” என்றாள். முகம் வெளுத்துவிட்டது. படைப்பாளியின் வேதனை என்று புருஷோத்தமன் மனதுக்குள் குறித்துக்கொண்டார்.

அடுத்த வாரம் புதுப் படங்கள் வந்தன. பத்துப் பிள்ளைகளும் முழங்கால் உயரப் புல்லுக்குள் நின்றார்கள். கதையிலும் ஒரு வரி கூடியிருந்தது: ‘அன்று காலை வேர்நாட்டில் என்றைக்கும் இல்லாதபடி புல் வளர்ந்திருந்தது.’

காசிலிங்கம் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“செருப்பு எங்க?”

“புல்லுக்குள்ள இருக்கு” என்றார் புருஷோத்தமன்.

“உள்ள இருந்து யாருக்குப் பிரயோசனம்? புல்ல வெட்டச் சொல்லு.”

வெட்டினாள். அந்த இடத்தில் மழைத்தண்ணீர் வந்து நின்றது, அதுவும் முழங்கால் உயரத்துக்கு. புருஷோத்தமனுக்குப் பகீர் என்றது. ஆனால் காசிலிங்கத்தின் முகம் மலர்ந்துவிட்டது.

“மழையா? அப்பிடி வா வழிக்கு! முழங்கால் வரைக்கும் வர்ற ரப்பர் ஷூ புதுசா வந்திருக்கு. மஞ்சள் கலரு. தண்ணியக் கணுக்காலோட நிறுத்திட்டு, பத்துப் பேருக்கும் அதையே மாட்டிடலாம். மாதிரிக்கு ஒரு ஜோடி குடுத்தனுப்பறேன். வீட்டுல வச்சிப் பாத்துப் பாத்து வரையச் சொல்லு.”

ஒரு ஜோடி கேட்டவர் இப்போது பத்து ஜோடியில் வந்து நின்றார்.

மஞ்சள் ஷூவை மடியில் வைத்துக்கொண்டு அன்புசெல்வி பஸ்ஸில் போனாள். பத்து நாள் ஆளைக் காணவில்லை. பதினோராம் நாள் கடைக்கு நேராக வந்து, ஷூவையும் படங்களையும் மேசைமேல் வைத்துவிட்டு ஓரமாக நின்றாள். வேர்நாட்டில் வெள்ளம் வடியவில்லை. ஏறியிருந்தது. பத்துப் பிள்ளைகளும் இடுப்புக்குக் கீழே மீனாகிவிட்டார்கள். ராஜகுமாரனுக்கு வால் சற்றுப் பெரிது.

காசிலிங்கம் ஒவ்வொரு வாலாக விரல் வைத்து எண்ணினார்.

“புருசோத்தமா.”

“சொல்லு காசி.”

“மீனுக்கு எந்தக் கடையிலப்பா செருப்பு விக்கறாங்க?”

ஆயிரம் பிரதியும் வேண்டாம் என்று அன்றே சொல்லிவிட்டார். புருஷோத்தமன் வீட்டுக்குப் போனபோது மாலா இஞ்சி டேப்பைப் பிடித்து முன்னறையை அளந்துகொண்டிருந்தாள்.

“இன்னா, மீனாயிட்டாங்களாமே?” என்றாள், டேப்பிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“உனக்கு யாரு சொன்னது?”

“காசியண்ணன் போன் பண்ணாரு. பாவம், அழுவாத கொற.”

புருஷோத்தமன் அசரவில்லை. காசிலிங்கத்துக்கு வேண்டியது அர்த்தம்தானே? அர்த்தம் எங்கே கிடைக்கும் என்று அவருக்குத் தெரியும். மறுநாள் காலை கருவடிக்குப்பத்தில் பேராசிரியர் வெற்றிச்செல்வனின் கதவைத் தட்டினார். குழந்தைகளின் மாயக்கதைகளை முப்பது வருடம் ஆராய்ந்துவிட்டு ஓய்வு பெற்றவர் அவர். ஓய்வு பெற்ற பிறகு கேட்பதற்கு ஆள் இல்லாமல் தவித்துக்கொண்டிருந்தார்.

கையெழுத்துப் பிரதியை ஒரே மூச்சில் படித்து முடித்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“மாயக்கதையில வெறுங்கால்னா சும்மா இல்ல, புருஷோத்தமன். செருப்பு போட்டவன் ஊருக்குக் கட்டுப்பட்டவன். செருப்பில்லாத குழந்த மண்ணோட நேராப் பேசுது. இங்க பாருங்க, ‘வெறுங்கால் பட்டால்தான் வேர்க்கதவு திறக்கும்’னு எழுதியிருக்கா. அப்போ கால்தான் சாவி! பொல்லாதவன் மட்டும்தான் இந்தக் கதைகள்ல பூட்ஸோட தடதடன்னு வருவான்.”

“இவ கதையில பொல்லாதவனும் வெறுங்கால்தான் சார்.”

பேராசிரியர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். “அப்போ அவன் திருந்தப்போறான்னு அர்த்தம்.”

“நானும் அதேதான் சொன்னேன்” என்றார் புருஷோத்தமன்.

“புல்லு, தண்ணி, மீனு. இது மூணும் என்னன்னு நெனச்சீங்க? எதிர்ப்போட மூணு கட்டம்! காலையே விட்டுக் குடுத்தாலும் குடுப்பேன், செருப்பு மாட்ட மாட்டேங்கறா அந்தப் பொண்ணு. இந்தக் காலத்துல யாருக்கு இருக்கு இந்த நெஞ்சுரம்?”

அந்த வாரமே ஒரு மாலைப் பத்திரிகையில் பேராசிரியரின் கட்டுரை வந்தது. தலைப்பு: ‘பிஞ்சுப் பாதங்களுக்கு விலங்கா?’ காசிலிங்கத்தின் பெயர் அதில் இல்லை. ‘நேரு வீதியில் பெரிய மஞ்சள் பலகை மாட்டிய செருப்பு வியாபாரி’ என்றுதான் இருந்தது. நேரு வீதியில் பெரிய மஞ்சள் பலகை மாட்டிய செருப்புக் கடை ஒன்றுதான்.

கட்டுரையோடு பேராசிரியர் விட்டிருக்கலாம். ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடற்கரைச் சாலையில் ‘வெறுங்கால் நடை’ என்று அறிவித்துவிட்டார். மே மாதம். காலை ஆறு மணிக்கு வைத்திருந்தால் யாருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது. குழந்தைகள் தூங்கி எழுந்து வரட்டும் என்று பதினொரு மணிக்கு வைத்தார். குழந்தைகள் வரவில்லை. பெரியவர்கள் இருபத்துமூன்று பேர் வந்தார்கள்.

முதல் ஐம்பது அடி முழக்கத்தோடு நடந்தார்கள். அடுத்த ஐம்பதில் முழக்கம் நின்று நடை வேகமானது. அதற்கப்புறம் நடந்ததை நடை என்று சொல்ல முடியாது. பேராசிரியர் ஒரு காலை மாற்றி ஒரு காலைத் தூக்கிக் குதித்துக்கொண்டே, “மண்ணோட பேசுங்க! மண்ணு சொல்றதக் கேளுங்க!” என்று கத்தினார். பெங்களூரிலிருந்து வந்த சுற்றுலாக்காரர்கள் இது ஏதோ கோயில் வேண்டுதல் என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டு வீடியோ எடுத்தார்கள். அன்று மாலைக்குள் அந்த வீடியோ ஊர் முழுக்கச் சுற்றியது.

புருஷோத்தமன் நடையில் கலந்துகொண்டார், செருப்போடு. ஒருங்கிணைப்பாளருக்கு விலக்கு உண்டு என்று அவரே விளக்கம் சொன்னார்.

அன்புசெல்வியும் வந்திருந்தாள். வேப்பமர நிழலில் நின்று, இருபத்துமூன்று பேர் தன்னால் குதிப்பதைப் பார்த்து அழுதுவிட்டாள். “சார், நான் ஒண்ணு சொல்லிடறேன்...” என்று புருஷோத்தமனின் பின்னாலேயே ஓடினாள்.

“நீ ஒண்ணும் சொல்ல வேணாம்மா. உன் கண்ணீரே சொல்லிடிச்சி.”

மூன்றாம் நாள் காசிலிங்கம் சாரத்துக்கு வந்தார். ஆள் இளைத்திருந்தார்.

“எப்பா, என்ன உட்ருப்பா. கடைக்கு வர்றவன்லாம், ‘நீதான கொழந்தைங்களுக்கு வெலங்கு போடறவன்’னு கேக்கறான். ஷூ வாங்க வந்த ஒரு அம்மா என்ன நிமிந்துகூடப் பாக்கல. செருப்பே வேணாம். பழைய படத்தையே போடு. ஆயிரமும் எடுத்துக்கறேன். அந்த வாத்தியார மட்டும் இனிமே நடக்காம இருக்கச் சொல்லு.”

“அவரால நடக்க முடியாது” என்றார் புருஷோத்தமன். “ரெண்டு கால்லயும் கொப்புளம்.”

புத்தகம் அச்சானது. மாலா டேப்பைச் சுருட்டி வைத்தாள். புருஷோத்தமன், இதெல்லாம் தான் போட்ட திட்டப்படியே நடந்தது என்று தெருவில் நாலு பேரிடம் சொன்னார்.

சாரத்தில் ஒரு சிறிய மண்டபத்தில் வெளியீட்டு விழா. பேராசிரியரின் உத்தரவுப்படி எல்லாரும் செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். முதல் ஆளாகக் காசிலிங்கம் கழற்றினார். பேராசிரியர் வரும்போதே வெறுங்காலில், அதாவது இரண்டு பாதத்திலும் கட்டோடு வந்தார். பேச்சு ஒன்றேகால் மணி நேரம் போயிற்று. இந்த ஒரு நூலின் பாதங்களைப் பற்றியே தனி ஆய்வு நூல் எழுதிவருவதாகவும், இருநூற்று நாற்பது பக்கம் முடிந்துவிட்டதாகவும் அறிவித்துக் தாள்கள் அடங்கிய கோப்பைத் தூக்கிக் காட்டினார். அரங்கம் கைதட்டியது.

“மிச்சப் பக்கத்துக்கு எனக்கு ஒரே ஒரு வாக்கியம் வேணும்” என்று மைக்கை அன்புசெல்வியின் கையில் கொடுத்தார். “சொல்லும்மா. உன் குழந்தைங்களுக்கு ஏன் செருப்பில்ல? உன் வாயால வரட்டும்.”

அவள் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். “எனக்கு செருப்பு...” என்றாள்.

மறுபடியும் கைதட்டல். அது ஓய்வதற்குள் அவள் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டுவிட்டாள். பேராசிரியர் விடவில்லை. “இன்னும் கொஞ்சம்! வெட்கப்படாத! ஊருக்கே தெரியட்டும்!”

முன்வரிசையில் இருந்த அவளுடைய மாமியார் அஞ்சலாட்சிக்கு அது பொறுக்கவில்லை. மருமகளின் விழா என்று மீன் வியாபாரத்தை மதியமே முடித்துக்கொண்டு, பட்டுப்புடவை கட்டி வந்திருந்தவர். எழுந்து இடுப்பில் கை வைத்தார்.

“போதும் உடுங்க சார் அந்தப் புள்ளைய! ஆளாளுக்கு மாசக்கணக்கா அதையே நோண்டி நோண்டிக் கேக்கறீங்க. இன்னா கொல குத்தமா பண்ணிட்டா? அவளுக்கு செருப்பு வரைய வராது. அந்த மஞ்சள் ஷூவ நடுவூட்டுல வச்சிக்கினு பத்து நாளு போட்டுப் பாத்தா, பத்து நாளும் வாழப்பூ மாரியே வந்துது. அதான், மொதல்லயே செருப்பில்லாத ஊராப் பாத்துக் கதை கட்டிக்கினா!”

அரங்கமே அன்புசெல்வியைப் பார்த்தது. பிறகு காசிலிங்கம் முதல் வரிசையில் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க ஆரம்பித்தார். புருஷோத்தமன் வாயைத் திறந்தார். அதற்கும் ஒரு அர்த்தம் அவரிடம் இருந்திருக்கும்.

ஆனால் அதற்குள் பேராசிரியர் கோப்பை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மேடையிலிருந்து இறங்கிவிட்டார். கட்டுப்போட்ட காலை மெல்ல மெல்ல ஊன்றி வாசலுக்குப் போனவர், அங்கே கிடந்த செருப்புகளில் மெத்தென்று இருந்த ஒரு ஜோடியைத் தேர்ந்தெடுத்து மாட்டிக்கொண்டு, யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் தெருவில் இறங்கி நடந்தார். அது புருஷோத்தமனுடைய செருப்பு.