நலத்துறையும் எங்கள் பேனரும்

நனைந்த நெல், குவியலுக்குள் சூடேறி ஒரு புளித்த வாசம் விடும். குறுவை அறுவடையும் மழையும் ஒன்றாக வந்து இறங்கும் நாட்களில், தஞ்சாவூரைத் தாண்டி எந்தச் சாலையில் போனாலும் அது மூக்கில் ஏறும். கூடவே எனக்கு ரத்தக் கொதிப்பும் ஏறும். காரணம், நலத்துறை.

காவிரி பாயும் இடமெல்லாம் தேடினாலும் அவளைப் போல் செய்தியே எழுதாத செய்தியாளரைப் பார்க்க முடியாது. எங்கள் பத்திரிகையின் தஞ்சாவூர் அலுவலகத்துக்கு, என் பொறுப்பில் பயிற்சி நிருபராக வந்த பெண். கஷ்டப்படுகிறவர்களைச் சந்தித்து எழுதுவது அவள் வேலை. சந்திப்பாள். எழுத மாட்டாள். அதற்குள் கஷ்டத்தைத் தீர்க்கக் கிளம்பியிருப்பாள். 'நலத்துறை வந்தாச்சா?' என்றுதான் அலுவலகமே கேட்கும்.

குறைதீர் கூட்டத்துக்கு அனுப்பினேன். கலெக்டர் அலுவலக வாசலில் உட்கார்ந்து வந்தவர்களுக்கெல்லாம் இலவசமாக மனு எழுதிக் கொடுத்திருக்கிறாள். காசுக்கு மனு எழுதும் பெரியவர் மறுநாள் என்னைத் தேடி வந்துவிட்டார்.

"சார், அந்தப் பொண்ணுக்குத் திங்கக்கிழமை லீவு குடுங்க. எங்க பொழப்பே அன்னைக்குத்தான்."

அவளைக் கூப்பிட்டால், "ஐயாவுக்குக் கண்ணு தெரியலை சார். நேத்து அவருக்கே பென்ஷன் மனு நான்தான் எழுதினேன்" என்கிறாள். பெரியவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் என் தலையைப் பிடித்துக்கொண்டேன்.

குடிநீர் வராத ஒரு தெருவுக்காகப் பூதலூர் பக்கம் அனுப்பினேன். சாயங்காலம் போன்.

"சார், இன்ஜினியரை ஸ்கூட்டியில கூட்டிட்டு வந்துட்டேன். தண்ணி வந்துருச்சு."

"செய்தி?"

"தண்ணிதான் வந்துருச்சே சார். இனிமே என்ன செய்தி?"

முட்டிக்கொள்ள நல்ல சுவராகத் தேடினேன்.

தலைமை அலுவலகம் பொறுமை இழந்தது. கொள்முதல் நிலைய வாசலில் நெல் நனைகிறது. அந்தச் செய்தி படத்தோடு மாலைக்குள் வராவிட்டால் அவள் வேலை போய்விடும். அவளிடம் சொன்னேன். கெஞ்சினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

"பாரு. பேசு. படம் எடு. எதையும் தொடாதே."

"தொட மாட்டேன் சார்."

வானம் இருண்டது, ஊர் இருண்டது, எங்கள் பக்கத்தில் அவளுக்கென்று விட்ட இடமும் வெள்ளையாகவே கிடந்தது. போனை எடுக்கவில்லை.

மறுநாள் காலை போட்டிப் பத்திரிகையின் முதல் பக்கத்தில் படம். கொட்டுகிற மழை. சாலையோரமெல்லாம் கறுத்து நனைகிற நெல். நடுவே ஒரே ஒரு குவியல் மட்டும் பத்திரமாக. அதைப் போர்த்தியிருந்தது எங்கள் ஆண்டு விழா பிளக்ஸ் பேனர். எங்கள் பத்திரிகையின் பெயர் யானை உயரத்தில். அலுவலக மாடிப்படிக்குக் கீழே சுருட்டி வைத்திருந்ததை மத்தியானம் வந்து எடுத்துப் போயிருக்கிறாள். பேனரின் ஒரு மூலையில், செங்கல்லுக்குப் பதிலாக, நலத்துறையே உட்கார்ந்திருந்தாள்.

"ஏம்மா, படம் எடுக்கச் சொன்னா படத்துல உட்கார்ந்திருக்கே?"

"காத்து தூக்கிருச்சு சார். நெல்லுக்கார அக்கா தனியா பிடிச்சிட்டு நின்னாங்க. குத்தகை நெலம். நெல்லு முளைச்சுட்டா யாரும் எடுக்க மாட்டாங்க."

"எழுதி அனுப்பிட்டுப் பிடிச்சிருக்கலாமே?"

"மழை அதுவரைக்கும் நிக்குமா சார்?"

விற்பனைப் பிரிவில் அந்தப் படத்தைச் சட்டம் போட்டு மாட்டினார்கள். ஆசிரியர் பிரிவில் அவள் கணக்கை முடித்தார்கள். போன் போட்டு வாதாடினேன். எனக்கும் கொஞ்சம் திட்டு கிடைத்தது.

ஊருக்குத் திரும்புகிறவளை நாகப்பட்டினம் பஸ்ஸில் ஏற்றிவிடப் போனேன். வேலை போன முகமா அது? ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள்.

"சார், அந்த அக்காவோட நெல்லைக் கொள்முதல்ல எடுத்துக்கிட்டாங்களாம். இப்பதான் போன் வந்துச்சு."

"ரொம்ப சந்தோஷம். உன் வேலைதான் போச்சு."

"எம்மேல கோவமா சார்?"

"பயங்கரமா."

பஸ் நகர்ந்தது. தூறல் விழ ஆரம்பித்தது. கூடவே ஓடி ஜன்னல் கம்பியைத் தட்டினேன்.

"ஷட்டரை இறக்கி விட்டுக்கம்மா. இன்னைக்காவது நனையாம போ."